வாயில் இருப்பது கிழங்கு

சமாதானம் சொல்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துபோன இனமல்ல, அழியப்போகிற இனமுமல்ல. குளிரிலும் வாழும், வெயிலிலும் வாழும், மாதச் சம்பளம் கொடுக்கிற எல்லா இடங்களிலும் நன்றாகவே கொழுத்து வாழும். அடித்துக்கொள்கிற இரண்டு பேரை விலக்கிவிட்டுக் கைகொடுக்க வைப்பாரே, அவரைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அது வேறு சமாதானம், அதற்குத் தைரியம் வேண்டும். இது, கூரை ஒழுகுகிறதே என்று கேட்டால், "ஒழுகறதாலதான் தண்ணி எங்க நிக்குதுன்னு தெரியுது, ஒழுகாத கூரையைத்தான் நம்பக்கூடாது" என்று சொல்லி, கேட்டவரையே வாளி எடுத்துவர அனுப்பிவிடுகிற சமாதானம்.

இவரைப் பொய்யரோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று தெரிந்திருக்க வேண்டும், அதை எந்நேரமும் ஒரு பக்கம் மூட்டை கட்டிச் சுமந்துகொண்டும் திரிய வேண்டும். இவருக்கு அந்தச் சுமையே கிடையாது. எல்லாம் தெரிந்தவரோடும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் கேட்காமலே சொல்வார். இவர் பாவம், கேட்டால்தான் சொல்வார். ஆனால் கேட்டுவிட்டீர்களோ, தீர்ந்தது. "அதாவது" என்று ஆரம்பிப்பார். அவர் முடிக்கும்போது, அவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்ததில் தப்பே இல்லை, நீங்கள் சரியான நேரத்துக்கு வந்து நின்றதுதான் கொஞ்சம் அவசரக்குடுக்கைத்தனம் என்று உங்களுக்கே பட்டுவிடும்.

இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்த ஒருவரைப் பார்ப்போம். அவர் ஒரு பஸ் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் நாற்காலி. தடுப்பில் பேசுவதற்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை யாருடைய வாய்க்கும் நேராக இல்லாமல் இடுப்பு உயரத்தில் இருந்தது, ஆகவே புகார் சொல்ல வருகிறவர்கள் குனிந்து சொல்ல வேண்டும். ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். "நிமிந்து நின்னா கோபம் தலைக்கு ஏறும், குனிஞ்சா இறங்கிடும், உங்க உடம்புக்காகத்தான்" என்றார் நம்மவர். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனார்.

நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ், உள்ளே இருந்த பயணிகளின் நேரத்தை மதித்த பஸ். சீட்டுக் கம்பி குத்திக் கிழிந்த கால்சட்டை, ஏற்கெனவே நைந்துபோயிருந்ததை உரிய நேரத்தில் கண்டுபிடித்துக் கொடுக்கப்பட்ட கால்சட்டை. மழை உள்ளே பெய்கிறது என்று குடையோடு ஏறி வந்து சத்தம் போட்ட ஒரு அம்மாள், கடைசியில் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனதாக டிப்போவில் இன்றைக்கும் பேசிக்கொள்வார்கள். "சமாதானம் சார்" என்று அங்கே பட்டப்பெயர் வைத்தார்கள். அது அவரோடு ஓய்வு பெற்று வெளியே வந்தது, அவர் போகிற சபைக்கும் வந்து சேர்ந்தது, சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் அது அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்றே நினைத்து மரியாதையோடு கூப்பிட்டார்கள். அவரும் திருத்தவில்லை.

அதுவரைக்கும் ஒரு குறையுமில்லை. பஸ் தாமதமாக வந்தால் யாருக்கும் கண் போய்விடாது.

வீட்டில் அவர் மனைவி இருந்தார். துணிக்கடையில் ஆல்ட்டரேஷன் வேலை. அடுத்தவர் இடுப்பைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்கிற கண். ஒரு நாள் அந்தம்மா சொன்னார்: "வலது கண்ணுல ஓரமா மங்கலா இருக்குங்க."

"ஊசிக்கு இப்பல்லாம் காதைச் சின்னதாப் போட்டுடறான். உன் கண்ணு என்ன பண்ணும்" என்றார் இவர்.

அப்புறம் அந்தம்மா கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். கதவுதான் ஈரத்தில் உப்பியிருந்தது. அப்புறம் தெருவில் எதிரே வந்த சொந்த நாத்தனாரையே பார்க்காமல் போய்விட்டு அதற்கு ஒரு வாரம் பேச்சு வாங்கினார். நாத்தனார்தான் மெலிந்துபோய் அடையாளம் மாறியிருந்தார். அப்புறம் டீயைக் கப்புக்குப் பக்கத்தில் மேசைமேல் ஊற்றினார். "கப்பை நகர்த்தி வெச்சது நான்தான்" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளக்கூட இவர் தயங்கவில்லை. எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒன்றும் இல்லை என்றே அந்தம்மாவும் நம்பினார். வேறு யாரை நம்புவது? கட்டிக்கொண்டவர் அவர்தானே.

மகள் ஊரிலிருந்து வந்தபோது ஒரே பார்வையில் கண்டுபிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்றிருந்தது. வலது கண் போனது போனதுதான், இடது கண்ணை மருந்து விட்டு இழுத்துப் பிடித்து வைக்கலாம் என்றார் டாக்டர். "இத்தனை நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்றும் கேட்டார்.

"அதாவது டாக்டர்..." என்று நம்மவர் ஆரம்பித்தார்.

மனைவி அவர் பக்கம் தலையை முழுக்கத் திருப்பினார். முழுக்கத் திருப்பினால்தான் இனிமேல் அவரைப் பார்க்க முடியும். வீட்டுக்கு வந்து புடவைகளை மடித்துப் பையில் வைத்த பிறகுதான் சொன்னார்.

"உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, நிஜமாவே அப்படி நினைச்சுச் சொன்னீங்களா, இல்ல வாயில வந்ததைச் சொன்னீங்களா? எதுவா இருந்தாலும் நான் சண்டை போட மாட்டேன். எதுன்னு சொல்லிட்டீங்கன்னா பையைப் பிரிச்சு வெச்சுடறேன்."

சின்னக் கேள்வி. ஒரு சொல்லில் பதில் சொல்லலாம்.

"நீ கேள்வியையே அந்த மாதிரி கேக்கக்கூடாதும்மா. அதாவது..."

பை வாசலைத் தாண்டிவிட்டது.

அன்றிலிருந்து அந்தம்மா மகள் வீட்டில். இவர் தினமும் போன் பண்ணுவார். மகள் எடுப்பாள், "யோசிச்சீங்களாப்பா?" என்பாள், இவர் "அதாவது" என்பார், போன் மாப்பிள்ளை கைக்குப் போய்விடும். மாமனார் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைக்க முடியாத ஒரே பிறவி மாப்பிள்ளைதான் என்பதால், அந்த நல்ல பிள்ளை சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டு, "சரிதாங்க மாமா, நீங்க சொல்றதும் சரிதான்" என்று ஒப்புக்கொள்வார். மாப்பிள்ளை ஒப்புக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம், "காத்து மாறினா நல்லதுன்னு போயிருக்கா" என்றார். காற்றுக்கு ஒரு காரணம் சொன்னாரே தவிர, வீட்டுக்குள் நிற்கிற காற்றுக்கு ஒன்றும் சொல்ல முடியவில்லை. தையல் மெஷின் உறை போட்டபடி மூலையில் கிடந்தது. காலையில் இரண்டு பேருக்கு டீ போட்டுவிட்டு, ஒன்று ஆறினால் இன்னொன்று இருக்கட்டுமே என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லி இரண்டையும் குடித்தார். அவளில்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. அதுதான் உள்ளபடி. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும், ஆனால் காரணமில்லாத வாக்கியம் எதையும் அவர் அதுவரை சொல்லிப் பழகியதில்லை.

இந்தச் சமயத்தில்தான் சபையில் கண்காட்சி ஒன்று வைக்க முடிவு செய்தார்கள். உலகம் உண்டாகி ஆறாயிரம் வருஷம்தான் ஆகிறது, எல்லா மிருகங்களும் ஒரே வாரத்தில் படைக்கப்பட்டவை என்பது அந்தச் சபையாரின் நம்பிக்கை. அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு. அந்த நம்பிக்கையில் டைனோசருக்கும் இடம் உண்டு. முதல் மனுஷன் இருந்த தோட்டத்தில்தான் அதுவும் இருந்தது, பாவம் உள்ளே வரும்வரைக்கும் அங்கே சாவு கிடையாது, ஆகவே சிங்கமும் புலியும் டைனோசரும் எல்லாம் பச்சிலையும் பழமும் தின்று பரம சாதுவாக இருந்தன. மூடிப்போன ஒரு நாற்காலிக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, ஒரு பக்கம் தோட்டம், ஒரு பக்கம் பெருவெள்ளத்தில் மிருகங்கள் ஏறித் தப்பிய பேழை, ஒரு பக்கம் வெள்ளத்துக்குப் பிறகு என்று தடுத்தார்கள். தோட்டத்துக்கு, ஸ்வெட்டர்க் கடைக் கண்ணாடிக்குள் நின்றிருந்த பொம்மை ஆடு ஒன்று ஓய்வு பெற்று வந்தது. டைனோசர், மூடிப்போன சிறுவர் பூங்கா ஒன்றிலிருந்து செகண்ட் ஹாண்டில் வந்தது.

லாரியில் இரண்டு துண்டாக வந்தது. வால் முதலில், மீதி மறுநாள். நின்றபோது விட்டம் இடிக்க ஒரு சாண் பாக்கி. இரண்டே இரண்டு குட்டிக் கைகள், விரல் நீளத்துக்குப் பல், உள்ளே ஒரு மோட்டார். மோட்டாரைப் போட்டால் வாய் திறக்கும், உறுமும், மூடும். வாய் திறந்தபோதுதான் எல்லோரும் பார்த்தார்கள். வாய்க்குள் ஒரு கால் இருந்தது. வேறொரு மிருகத்தினுடைய கால். முட்டி, மூன்று விரல், விரலுக்கு ஒரு நகம், மேலே சிவப்பாக வழிகிற பெயிண்ட்.

கமிட்டி அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. போதகர், சபையின் பொருளாளரான ஹார்டுவேர்க் கடைக்காரர், பெயிண்டர், நம்மவர்.

"தோட்டத்துல சாவே கிடையாது. அப்ப இது யாரோட கால்?" என்றார் போதகர்.

"அறுத்துடலாம்" என்றார் ஹார்டுவேர்க் கடைக்காரர்.

"ஒரே வார்ப்பு சார். மோட்டார்க் கம்பி காலுக்குள்ளதான் ஓடுது. காலை அறுத்தா தாடையும் கையோட வந்துடும்" என்றார் பெயிண்டர்.

"அப்ப வெள்ளத்துக்குப் பிறகுங்கிற பக்கம் கொண்டுபோய் நிறுத்திடலாம். அப்பதான் கறி தின்ன ஆரம்பிச்சிருக்குமே" என்றார் கடைக்காரர்.

அங்கே கூரை தாழ்வு. தலையை அறுக்க வேண்டிவரும்.

போதகர் யோசித்தார். அவர் நேரான மனுஷர். வேதத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்புகிறவர், எழுதாததைக் கேட்டால் கையை விரித்துவிடுகிறவர். "ஒண்ணும் வேண்டாம். ஒரு அட்டை எழுதி வெச்சுடுவோம். பொம்மையை இப்படித்தான் வாங்கினோம், இந்தக் கால் யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரியாது என்று அட்டையா? எழுதி, எல்லோரும் படிக்கிற உயரத்தில், சொந்தக் கட்டடத்திலா? பஸ் கம்பெனியில் எத்தனையோ விபத்தைப் பார்த்தவர், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, வாய்க்குள் எட்டிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு இறங்கினார்.

"இது கால் இல்ல" என்றார்.

"பின்ன?"

"கிழங்கு."

கமிட்டி அண்ணாந்து பார்த்தது. வாய் திறந்தது, மூடியது.

"விரல் இருக்கே?"

"கிளை. மண்ணுக்குள்ள கிழங்கு கிளை விடாதா?"

"நகம்?"

"முளை."

"முட்டி?"

"முண்டு இல்லாத கிழங்கு எங்கயாவது பாத்திருக்கீங்களா?"

"ரத்தம்?" என்றார் பெயிண்டர்.

"செம்மண்" என்றார் நம்மவர்.

பெயிண்டர் மற்றதை எல்லாம் பழுப்பாக அடித்துவிட்டுச் செம்மண்ணை மட்டும் அப்படியே விட்டார், ஒரு கோட்டிங் மிச்சம். போதகருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பாக்கறவங்க நம்புவாங்களா?" என்று இழுத்தார்.

"பக்கத்துல நான் நிப்பேன்" என்றார் நம்மவர்.

நின்றார். காலையில் கிடங்கின் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து சாயங்காலம் இறக்குவதுவரை, இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் ஒரு பிரம்போடு நின்றார். கும்பலாகச் சிரிக்க வந்தவர்கள் யோசித்துக்கொண்டு போனார்கள். பல் இவ்வளவு கூராக இருக்கிறதே என்றால், "கூரா இருந்தா கறிதான் தின்னணுமா? பழந்தின்னி வௌவாலோட பல்லைப் பாத்திருக்கீங்களா? ஒரு தடவை வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க" என்பார். யாரிடமும் கைவசம் வௌவால் இல்லாததால் ஒப்புக்கொள்வார்கள். கை ஏன் குட்டையாக இருக்கிறது? "நீளமா இருந்தா பறிச்சுப் பதுக்கத் தோணும். இது அன்னன்னைக்கு வேண்டியதைக் குனிஞ்சு சாப்பிட்டுட்டுப் போன ஜீவன்." இவ்வளவு பெரிய கால் எதற்கு? "தோட்டம் பெருசு." ஏன் உறுமுகிறது? "உறுமலா? சாப்பிட்ட களைப்புங்க, கொட்டாவி." பக்கத்தில் நிற்கிற ஆட்டைப் பிரம்பால் காட்டி, "பயந்தா இப்படி நிக்குமா, நீங்களே சொல்லுங்க" என்பார். ஸ்வெட்டர்க் கடையில் எப்படி நின்றதோ அப்படியே ஆடு நின்றது.

கண்ணைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை. கண் இரண்டும் ஏன் முன்பக்கம் பார்க்கிறது என்று யாராவது கேட்டால், "வாங்க, வாலைப் பாக்கலாம்" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

மகளிடம் போனில் இதையெல்லாம் சொன்னார். கூட்டம் எப்படி, கைதட்டல் எப்படி, போதகரே நின்று கேட்டது எப்படி. "அம்மாகிட்டயும் சொல்லு" என்றார். மகள் சொன்னாளோ இல்லையோ, ஒரு சனிக்கிழமை, கண் ஆஸ்பத்திரியில் இடது கண்ணுக்கு அழுத்தம் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில், அம்மாவைக் கையைப் பிடித்துக் கிடங்குக்கு அழைத்து வந்தாள்.

கூட்டத்தின் பின்னால் அவர்கள் வந்து நிற்பதை அவர் பார்த்தார். அன்றைக்கு அவர் பேசினதுபோல் எப்போதும் பேசினதில்லை என்று டிக்கெட் கிழிக்கிறவர் பிற்பாடு சொன்னார். அவளுக்காகவே பேசினார். இந்த மனுஷனையா விட்டுவிட்டுப் போனோம் என்று அவள் ஏங்க வேண்டும். பல்லுக்கு ஒரு கைதட்டல், கைக்கு ஒரு கைதட்டல், கொட்டாவிக்குச் சிரிப்பு. அப்புறம், வழக்கம்போல, கிழங்கு.

கூட்டம் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது அந்தம்மா முன்னால் வந்தார். கட்டியிருந்த கயிறுவரை வந்து நின்று, தலையை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, இருக்கிற கண்ணை நேரே கொண்டுவந்து, வெட்டுவதற்கு முன் துணியைப் பார்ப்பாரே அப்படிப் பார்த்தார். வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"கால்தான் அது" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னதுபோல்தான் சொன்னார். ஆனால் கிடங்கில் எது சொன்னாலும் எதிரொலிக்கும்.

சிலர் சிரித்தார்கள். நம்மவர் வாய் தானாகத் திறந்தது. ஈயை ஓட்டுகிற கை யோசித்தா ஓட்டுகிறது?

"அதாவது, ஒத்தக் கண்ணால பாக்கறவங்களுக்கு ஆழம் தெரியாதுங்க. அதனால கிழங்கு கால் மாதிரி தெரியும். வேற ஒண்ணும் இல்ல."

நல்ல விளக்கம். கண்ணைப் பற்றிய அறிவும் அதில் சரியாகவே இருந்தது. கூட்டம் அந்தம்மாவைப் பார்த்தது, ஐயோ பாவம் என்று தலையாட்டியது. அவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

"அப்பா" என்றாள் மகள்.

அப்போதுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பிரம்பு கையில் இருந்தது. டைனோசர் கொட்டாவி விட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது, உள்ளங்காலிலிருந்து வெட்கம். அதற்கு என்ன காரணம் சொல்லலாம் என்று தேடினார். பஸ் கம்பெனி முழுக்கத் தேடினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"கால்தான்" என்றார்.

"என்ன சார்?" என்றார் முன்வரிசையில் நின்ற ஒருவர்.

"கால்தாங்க அது. கிழங்கு இல்ல."

"யாரோட கால்?"

"தெரியல."

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வெளியே வந்து, கிடங்கில் ஒரு சுற்றுச் சுற்றி, அவர் காலடியிலேயே வந்து விழுந்தது. முன்வரிசைக்காரர் ஏமாந்துபோனார். கிழங்கையாவது முழுசாக நம்பிவிட்டிருக்கலாம் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பேழைப் பக்கம் நகர்ந்தார். கூட்டமும் பின்னாலேயே நகர்ந்தது. மிஞ்சியது மூன்று பேர்.

"நிஜமாவே கிழங்குன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டார் மனைவி.

"தெரியலம்மா. சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் எனக்கு அது கிழங்காத்தான் தெரிஞ்சுது."

"என் கண்ணு?"

அவர் பிரம்பை ஆட்டின்மேல் சாய்த்து வைத்தார்.

"அதுவும் அப்படித்தான். நீ முதல்ல சொன்னப்பவே எனக்குப் பயமா இருந்தது. ஊசியைச் சொன்னேன். சொன்ன உடனே பயம் போயிடுச்சு."

"உங்களுக்குப் போயிடுச்சு" என்றார் அந்தம்மா.

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்பது எவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூணுக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் கேட்டுவிட்ட போதகர், சத்தம் போடாமல் போய் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்தார்.

"பையை எடுத்துட்டு வந்துடறேன்" என்றார் அந்தம்மா. கேள்விக்குப் பதில் வந்தால் வருவதாகச் சொல்லியிருந்தார், பதில் வந்துவிட்டது. கொடுத்த வார்த்தை கொடுத்ததுதான், ஆல்ட்டரேஷன் கிடையாது.

இங்கேயே நிறுத்திவிட்டால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் இனம் என்றல்லவா ஆரம்பித்தோம்? ஓர் இனம் ஒரு மத்தியானத்தில் மாறிவிடுமா?

பையோடு பஸ்ஸில் ஏறினார்கள். இவருடைய பழைய கம்பெனி பஸ்தான், தாமதமாகத்தான் வந்தது, அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. வழக்கத்தில் அவர்தான் ஜன்னல் ஓரம். அன்றைக்கு அந்தம்மா அவரை முந்திக்கொண்டு போய் இடதுபக்கத்து ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார், ஆகவே இவர் வலதுபக்கம். இரண்டு நிறுத்தம் வரைக்கும் பொறுத்தார். மனுஷன் நிஜமாகவே பொறுத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். மூன்றாவது நிறுத்தத்தில் முடியவில்லை.

"நான் அங்க எல்லார் முன்னாடியும் தெரியலன்னு ஏன் சொன்னேன்னா, அதாவது..."

அந்தம்மா திரும்பவில்லை. நல்ல கண்ணால் வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க பாட்டுக்குப் பேசுங்க. அந்தப் பக்கம் இருக்கறது எதுவும் எனக்குத் தெரியாது" என்றார்.

அவர் பேசிக்கொண்டே வந்தார். கூடத்தான் போகிறார்கள், ஒரே வீட்டுக்குத்தான் போகிறார்கள். அந்தம்மா இனி அவரோடுதான் இருப்பார், எந்தப் பக்கம் உட்காருவது என்பதை மட்டும் இனி அந்தம்மாவேதான் முடிவு செய்வார்.

உங்களுக்கு இப்போது மனசு கேட்கவில்லை. தெரிகிறது. என்ன இருந்தாலும் கெட்ட மனுஷன் இல்லையே என்று தோன்றுகிறது. பயந்த சுபாவம், அந்தக் காலத்து ஆம்பளை, டாக்டர் என்றால் யாருக்குத்தான் நடுக்கம் இல்லை, அந்தம்மாவும் தானே ஒரு நடை போய்க் காட்டியிருக்கலாம், வயசான காலத்தில் ஒருவருக்கொருவர் துணை வேண்டாமா, ஒரு கண்ணாவது மிஞ்சியதே. இவ்வளவும் உங்கள் மனசுக்குள் வரிசையாக வந்து நிற்கிறது, ஒன்றுக்கொன்று இடிக்காமல், சொல்லிவைத்ததுபோல். யாரும் உங்களைக் காரணம் கேட்கவில்லை. அவர்கூட இந்த ஆறில் ஒன்றையும் காரணமாகச் சொல்லவில்லை, நன்றாகத் திருப்பிப் பாருங்கள். எல்லாம் உங்கள் சொந்தச் சரக்கு.